கத்தரிப்பூ நிறமும் நான் வாங்கிய லேப்டாப்பும்

இந்த மாதத்தில் மட்டும் நம் தொழிலில் இருக்கிற நீங்கள் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். படமும் வீடியோவும் எடிட் செய்ய ஒரு புது லேப்டாப் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று. கினிகத்தேனையில் இருந்த என் ஸ்டூடியோவை மூடி மூன்று வருடம் ஆகிறது. இப்போது வருகிற லேப்டாப்புகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதில் நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால் தனித்தனியாகப் பதில் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கடைக்குப் போகும்போது, உங்கள் கண்ணுக்கு நிறம் நன்றாகப் பழகிய ஒரு துணியைக் கையோடு கொண்டு போங்கள்.

உங்களில் ஒருவரிடம் போன வாரம் இதைச் சொன்னபோது, "லேப்டாப் வாங்கப் போறமா, சட்டைக்கு நூல் வாங்கப் போறமா ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

நான் எதையும் நாள், கிழமை போட்டு எழுதிவைக்கிறவன். எந்தத் தேயிலைத் தோட்டத்தில் என்ன விசேஷம், அன்று மழையா வெயிலா, பெண் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை என் குறிப்புப் புத்தகங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய பிழை. என் முதல் லேப்டாப்பில் இடம் மிகக் குறைவு. நோட்டன் பிரிட்ஜில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுத்த கையோடு, அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று மூலப்பதிவை அழித்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் மாப்பிள்ளையின் தகப்பனார் தவறிப்போனார். மாப்பிள்ளை வந்து, "அப்பா இருக்கிற மாதிரி இன்னும் ஏதாவது கெடக்காண்ணே?" என்று கேட்டார். இருந்தது. பந்தல் ஓரத்தில் அவர் மேளக்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்ற இரண்டு நிமிடம். விசேஷத்துக்கு அது தேவையில்லை என்று நான்தான் வெட்டியிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவருடைய மகனுக்குக் காட்டத்தான் என்னிடம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். கல்யாணம் என்றால் ஒரு வருடம், சாவு வீடு என்றால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரையாவது மூலப்பதிவில் கை வைப்பதில்லை. இனிச் சொல்லப்போகும் கதையில் என்னைக் காப்பாற்றியது அந்த விதிதான்.

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரு திங்கட்கிழமை ஒரு அம்மா இறந்துபோனார். மகன் செல்வராஜ் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். மருமகள் சாந்திக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிக்கிற வேலை. மகள் புஷ்பா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாறு மாதம் இருந்ததால் அந்த வீட்டார் அவளை விடவில்லை. என்னை வீடியோ எடுக்கக் கூப்பிட்டது அவள்தான்.

"அண்ணே, ஒண்ணு விடாம எடுங்க. நான் அனுப்புன கத்தரிப்பூ கலர் சேலைய அம்மா பெட்டியிலயே வெச்சிருந்துச்சு. 'நான் போறப்ப இதத்தான் கட்டிவிடணும்'னு போனுக்குப் போன் சொல்லும். அதக் கட்டிக்கிட்டுப் போறத மட்டும் நான் பாக்கணும்ணே. வேற எனக்கு ஒண்ணும் வேணாம்."

செவ்வாய்க்கிழமை அடக்கம். என் குறிப்பில் 'காலையிலிருந்து பனி, சூரியன் இல்லை' என்று இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் சவப்பெட்டியை வாங்குப் பலகை மேல் வைத்திருந்தார்கள். அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கோடித்துணி போர்த்தப் போர்த்த, சேலையில் தோளும் காலடியில் ஒரு சாண் ஓரமும்தான் கடைசியில் வெளியே தெரிந்தது. கரை தெரியவில்லை, பூ வேலை தெரியவில்லை. நிறம் மட்டும் தெரிந்தது.

நம் தொழிலில், அதிலும் இந்த மலைகளில், ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் பனியை எடுத்துவிடுவோம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொண்டு, வெளுப்பும் நீலமுமாக இருப்பதையெல்லாம் மஞ்சள் ஏற்றிச் சூடாக்கிவிடுவோம். அப்போது நான் வைத்திருந்தது ஏழு வருடத்துக்கு முன் கொழும்பில் பழையதாக வாங்கிய லேப்டாப். அதில் அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் நீலம் பாய்ந்து கிடந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே மனம் கேட்கவில்லை. மஞ்சளை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். முகத்தில் சாந்தம் வந்தது, சேலையும் கத்தரிப்பூ நிறமாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை புஷ்பாவுக்கு அனுப்பிவைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தி எனக்கு.

அடுத்த வாரம், பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, செல்வராஜ் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தார்.

"என்னண்ணே எடுத்து அனுப்புனீங்க? தங்கச்சி என்னோட பேச்ச விட்டுட்டா. அம்மாவுக்குக் கட்டுனது அவ சேலையே இல்லயாம். ஏதோ அரக்குக் கலர் பழைய சேலையச் சுத்தி அனுப்பிட்டு, அவ சேலைய சாந்திக்கு எடுத்து வெச்சிக்கிட்டோமாம்."

"கட்டும்போது ஊரே பாத்துச்சே செல்வராஜ்!"

"ஊரு பாத்துச்சு. அவ பாக்கலயே. நான் மடத்தனமா இன்னொண்ணும் பண்ணிட்டேன்." பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். கத்தரிப்பூ நிறம். "சேலையோட வந்த ரவிக்கைத் துண்டு. தைக்கிறதுக்குள்ள அம்மா போயிருச்சு. 'இந்தா பாரு, இதே கலருதான் கட்டுனோம்'னு வீடியோ கோல்ல காட்டினேன். அவ, 'துண்டு ஒங்க கையில இருக்கு, அப்ப சேலையும் அங்கதான் இருக்கு'ன்னுட்டா. செவ்வாக்கெழம கருமாதி. ஐயர்கிட்ட பிள்ளைங்க பேரு சொல்றப்ப அவ பேரச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டா. அம்மாவுக்கு இருக்கிறதே நாங்க ரெண்டு பேருதாண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும். லேப்டாப்பைத் திறந்து, அனுப்பிய வீடியோவை ஓடவிட்டு, துணியை வாங்கித் திரையோடு சேர்த்துப் பிடித்தேன். "பாருங்க. நூல் பிசகாம அதே கலர்."

செல்வராஜ் தன் போனை எடுத்து அதே இடத்தைக் காட்டினார். போனில் அந்த அம்மாவின் தோளில் இருந்தது அரக்கு நிறம். எதிர்க் கடைக்காரரின் போனுக்கும் அனுப்பிப் பார்த்தேன். அதிலும் அரக்கு.

பிழை எங்கே என்று அப்போது புரிந்தது. படத்தில் இருந்த நீலத்தில் பாதி என் லேப்டாப் திரையுடையது. என் திரையின் நீலத்தைச் சரிக்கட்ட, ஊருக்கெல்லாம் மஞ்சள் பூசி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு வருடக் கல்யாணப் பெண்கள் என் கண்முன் வந்து நின்றார்கள். எத்தனை பச்சைச் சேலைகளைப் பழுக்க வைத்தேனோ!

"என் தப்புதான் செல்வராஜ். மூலப்பதிவு அழியாம இருக்கு. ஆனா இந்தத் திரைய நம்பித் திரும்பவும் கை வைக்கமாட்டேன். நாளைக்கு ஹட்டனுக்குப் போவோம். நீங்களும் வாங்க, துணியக் கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடையில் இருந்த சிங்களப் பிள்ளைக்கு நம் தமிழ் நன்றாக வந்தது. வேகம், ரேம், கிராபிக்ஸ் கார்ட் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு திரையிலும் கடல், கிளி, பழம் என்று கண்ணைப் பறிக்கிற படங்களாகக் காட்டினாள். கிளியின் உண்மையான நிறம் எனக்கு எப்படித் தெரியும்? மூலப்பதிவு இருந்த என் பென் டிரைவைக் கொடுத்து, "இதப் போடுங்க மகள்" என்றேன்.

ஆறு லேப்டாப்புகளில் அந்த அம்மா வந்தார். ஒன்றில் நீலம், ஒன்றில் ரோஸ், கடையிலேயே விலை கூடிய பளபளப்பான திரையில் பண்டிகை விளக்கு மாதிரி ஒரு ஊதா. சாமான் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். செல்வராஜ் திரைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே... ஒவ்வொண்ணா மூடுங்கண்ணே. அம்மாவ இப்புடி வரிசையா வெச்சுப் பாக்க முடியல."

அந்த நேரத்தில் அவசரப்பட்டு எதையாவது வாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளைதான் ஆட்களை விலக்கிவிட்டு, ஒவ்வொரு லேப்டாப்பாகக் கடை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து வைத்தாள். துணியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துப் பொருந்தாததை மூடினோம். கடைசியில் மிஞ்சியது கறுப்பாக, கொஞ்சம் தடிமனாக, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று. திரையில் பளபளப்பு இல்லை. கிளியும் கடலும் அதில் சாதாரணமாகத்தான் தெரிந்தன. ஆனால் அந்த அம்மாவின் தோளும் செல்வராஜின் கையில் இருந்த துணியும் ஒரே தறியில் இறங்கியவை என்று அதில் தெரிந்தது.

"அங்கிள், இது ஸ்பீட் கொஞ்சம் குறைவு" என்றாள் நேர்மையாக.

குறைவுதான். பரவாயில்லை என்று வாங்கினேன். இயந்திரம் மெதுவாக ஓடினால் நான் ஒரு தேத்தண்ணி கூடக் குடிப்பேன், அவ்வளவுதான். திரை பொய் சொன்னால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் பார்த்துவிட்டேனே.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நிம்மதி. செல்வராஜ் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். வட்டவளையில் இறங்கும்போதுதான் கேட்டார்: "எல்லாஞ் சரிண்ணே. நீங்க சரியா அனுப்புவீங்க. அவ போன்ல அது எந்தக் கலருல தெரியும்?"

இருபது வருடம் இந்த வேலை செய்தும் அதை யோசிக்காதவன், நானும் இறங்கி அவர் பின்னால் லயத்துக்கு ஏறினேன். காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறை வீட்டில், சாந்தி அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். பழி விழுந்தது அவர்மேல். அன்றுவரை அவர் யாரோடும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருக்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ரொட்டியைத் திருப்பினார்.

"ஏண்ணே, துண்டையும் அத்தையையும் ஒண்ணா வெச்சுக் காட்டினா என்ன?" என்றார்.

"எப்புடிம்மா?"

"நாங்க தூள தனியா வெச்சு நெறம் பாக்கமாட்டோம்ணே. நேத்து பெக்டரி ஐயா சரின்னு சொன்ன தூள வெள்ளத் தாள்ல ஒரு பக்கம் கொட்டி, இன்னிக்குத் தூள பக்கத்துல கொட்டித்தான் பாப்போம். வெளிச்சம் மங்குனா ரெண்டும் சேந்துதான் மங்கும். தனியாப் பாத்தா கண்ணு ஏமாத்திரும். பக்கத்துல வெச்சா ஏமாத்த முடியாது."

நான் எத்தனையோ புத்தகம் படித்தவன். நிறத்தைப் பற்றியே ஒரு அலமாரி வைத்திருந்தவன். இது எனக்குத் தோன்றவில்லை. புஷ்பாவின் போன் எந்த நிறத்தை வேண்டுமானாலும் காட்டட்டும். துண்டுக்கு எதைச் செய்கிறதோ, அதையேதான் சேலைக்கும் செய்யும்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் போன பிறகு, அதே வாசலில், அதே வாங்கைப் போட்டு, அதே கேமராவை அதே இடத்தில் வைத்தேன். பனியும் அன்று போலவே இறங்கியிருந்தது. வாங்கின்மேல் ரவிக்கைத் துண்டை விரித்தது சாந்தி. பிறகு புது லேப்டாப்பில் திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அந்தச் செவ்வாய்க்கிழமையையும் வலப்பக்கம் இந்தத் திங்கட்கிழமையையும் வைத்தேன். முகத்துக்குக் கொஞ்சம் சூடு ஏற்றலாமா என்று கை போனது. எடுத்துக்கொண்டேன். பனி பனியாகவே இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அனுப்பினோம். என் பிழை இது என்று என் குரலிலும் இரண்டு வரி சொல்லியிருந்தேன்.

அன்று பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை கருமாதிக்குச் சாமான் பரப்பி, ஐயர் வந்து உட்கார்ந்தபோதும் இல்லை. செல்வராஜ் வேட்டி மடிப்பில் போனைச் செருகி வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் பிள்ளைகளின் பெயரைக் கேட்கிற நேரத்தில் மணி அடித்தது. அடித்தது அவருடைய போன் அல்ல, சாந்தியுடையது.

சாந்தி எழுந்து போகாமல் அங்கேயே எடுத்தார். அந்தப் பக்கத்து அழுகை எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணி... அந்தத் துண்ட யாருகிட்டயும் தைக்கக் குடுத்துறாதீங்க அண்ணி. நான் வந்து தச்சுக்கிறேன்."

"சரி தாயி. பெட்டியிலயே வெக்கிறேன்."

"ஐயருகிட்ட என் பேரயும் சொல்லச் சொல்லுங்க."

செல்வராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐயர் கேட்பதற்கு முன்பே தங்கையின் பெயரைச் சொன்னார். தன் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புஷ்பா என் கடைக்கு வந்தாள். குவைத்திலிருந்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சாம்பல் நிறச் சேலைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ரவிக்கை போட்டிருந்தாள். யார் என்று சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"அண்ணே, மொத அனுப்புனீங்களே, பளிச்சுன்னு... அதுல எங்க வாசலே எனக்கு அடையாளந் தெரியல. யாரோ வீட்டுச் சாவு மாதிரி இருந்துச்சு. அதுலயே பாதி நம்பிக்கை போயிருச்சு. ரெண்டாவதுல பனி இருந்துச்சு. அப்பதான் எங்க அம்மான்னு தோணுச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வெட்டாதது இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. கருமாதிவரை என்று நான் வைத்த விதியை இந்த ஒன்றுக்கு மட்டும் நீட்டியிருந்தேன். லேப்டாப்பை அவள் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய் ஏதோ வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்தேன். அவள் ஓடவிட்டாள். ஆட்கள் வந்து கோடி போர்த்துவதற்கு முன்னால், வாசலில் அம்மா தனியாகக் கிடக்கிற ஒரு இடம் உண்டு. சேலை முழுசாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். நீளம் என்று நான் முதலிலேயே வெட்டி, பழி வந்தபோதும் தேடிப் பார்க்கத் தோன்றாமல் விட்ட இடம். அங்கே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எதுவும் செய்யாமல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் அந்தத் திரை தானாக அணைந்துவிடும். அணைந்தது. அவள் ஒரு விரலால் மெல்லத் தொட்டாள், அம்மா வந்தார். மறுபடி அணைந்தது. மறுபடி தொட்டாள். தூங்குகிறவரை எழுப்பத் தயங்குகிற மாதிரி ஒவ்வொரு தடவையும் அவ்வளவு மெதுவாகத் தொட்டாள். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய், "கொஞ்சம் இருங்கம்மா" என்று சொல்லி, திரை அணைகிற நேரம் எவ்வளவு என்று கேட்கிற இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு வந்தேன்.

கடையை மூடியபோது கேமராக்களையும் விளக்குகளையும் விற்றுவிட்டேன். அந்த லேப்டாப் மட்டும் என்னிடம் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, வயரில் செருகித்தான் ஓடுகிறது, விசைகளில் நான்கு வேலை செய்வதில்லை. அந்த அமைப்பை நான் இன்னும் மாற்றவில்லை. அதைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால், நான் திரும்பி வரும்வரை திரை விழித்துக்கொண்டே இருக்கும்.